எந்த ‘பிளாக்’?

எங்கள் புறநோயாளிகள் பிரிவில் நாள்தோறும் மிகுதியாக ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களுள் ஒன்று ‘பிளாக்’. இரத்தப் பரிசோதனை எங்கே என்று கேட்பவரிடம் ‘பி பிளாக், முதல் மாடி’ என்கிறோம். கத்திப்பாராவில் வண்டி நகராமல் தாமதித்து வருபவர் அதையும் ‘பிளாக்’ என்றே சொல்கிறார். வங்கி அட்டை தொலைந்தால் ‘பிளாக்’ செய்கிறோம். இவற்றால் எவருக்கும் தீங்கில்லை. இதயநோய்ப் பிரிவின் வாசலைத் தாண்டியதும் அதே சொல் ஆளுக்கொரு பொருள் தரத் தொடங்கிவிடுகிறது. அங்கேதான் தொல்லை.

எழுபது வயதைக் கடந்த முதியவர் ஒருவரை அண்மையில் அவருடைய மகன் அழைத்து வந்தார். ஒரு மாதத்தில் இருமுறை மயங்கி விழுந்திருக்கிறார். வீட்டில் எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். மூன்றாம் முறை விழுந்தபோது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 34. இதயத்தைப் பற்றி ஏன் ஐயம் எழவில்லை என்று வினவினோம். “போன வருஷம் ஆஞ்சியோகிராம் பார்த்து, பிளாக் எதுவும் இல்லைன்னு சொன்னாங்களே, டாக்டர்” என்றார் மகன். சொன்ன மருத்துவர் உண்மையைத்தான் சொன்னார். மகனும் அதைச் சரியாகவே நினைவில் வைத்திருந்தார். ஆயினும் அந்த ஒரு சொல், வரவேண்டிய நேரத்தில் அவர்களை வரவிடாமல் செய்துவிட்டது.

ஒரு வீட்டில் தண்ணீர்க் குழாயும் உண்டு, மின்கம்பியும் உண்டு. இதயத்திலும் அவ்வாறே. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகள் குழாய்கள். அவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகுவதே பலரும் அறிந்த ‘பிளாக்’. அடைப்பு என்னும் தமிழ்ச்சொல் இதற்கு மிகப் பொருத்தம். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், மூச்சுத்திணறல், இறுதியில் மாரடைப்பு என்பன இதன் வெளிப்பாடுகள். ஆஞ்சியோகிராம் காட்டுவது இதைத்தான். அடைப்பைத் தாண்டி மாற்றுவழி அமைக்கும் பைபாஸ் அறுவை சிகிச்சை 1975இல் நம் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் அவர்களால் செய்யப்பட்டது. இந்தியாவில் அதுவே முதல் என்று கூறப்படுகிறது. பலூன் கொண்டு அடைப்பை விரிக்கும் முறையை 1977இல் சூரிச் நகரில் அந்திரியாஸ் குருன்ட்சிக் தொடங்கி வைத்தார். ஸ்டென்ட் அதன்பின் வந்தது.

இனி மின்கம்பிக்கு வருவோம். இதயத்தின் மேலறையில் துடிப்புக்கான மின்சாரம் பிறக்கிறது. நடுவிலுள்ள ஒரு கணுவைக் கடந்து, வலம் இடம் எனப் பிரிந்து கீழறைகளை அடைகிறது. அந்த நடுக்கணுவை 1906இல் விவரித்தவர் சப்பானிய மருத்துவர் சுனாவோ தவாரா. இவ்வழியில் மின்சாரம் தாமதித்தாலோ நின்றாலோ அதற்கும் ‘பிளாக்’ என்றே பெயர். ஆங்கிலத்தில் ‘ஹார்ட் பிளாக்’ என்பது இதைத்தான் குறிக்கும், தமனி அடைப்பை அன்று. மேலறையின் கட்டளை கீழறைக்கு முற்றிலும் போய்ச்சேராதபோது, கீழறை தானாகவே மெதுவாகத் துடித்து உயிரைக் காக்கிறது. கரண்ட் போன வீட்டில் இன்வெர்ட்டர் ஒரு மின்விசிறியை மட்டும் சுழற்றுவதைப் போன்றது இது; நெடுநேரம் அதை நம்பியிருக்க இயலாது. நாடி 30, 40 எனக் குறையும். தலைசுற்றும், கண் இருண்டு மயக்கம் வரும்.

இதற்கு ஸ்டென்ட் பயன்படாது, பேஸ்மேக்கர் வேண்டும். உடலுக்குள் முதல் பேஸ்மேக்கர் 1958இல் ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்குப் பொருத்தப்பட்டது. முதற்கருவி சில மணி நேரமே உழைத்தது. அவரோ, கருவிகள் பலவற்றை மாற்றிக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார். எங்களிடம் வந்த முதியவரும் பேஸ்மேக்கருடன் நலமாக வீடு திரும்பினார்.

மின்வழித் தடைகள் எல்லாம் இவ்வளவு கடுமையானவை அல்ல. தொழிற்பேட்டை அலுவலகம் ஒன்றில் ஆண்டுப் பரிசோதனை செய்துகொண்ட இளைஞர் ஒருவர், இ.சி.ஜி. தாளில் கருவி அச்சிட்ட ‘ரைட் பண்டில் பிராஞ்ச் பிளாக்’ என்னும் வரியைப் படித்து இரண்டு இரவுகள் உறங்காமல் வந்து, ஸ்டென்டுக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்டார். வலக்கிளையில் மின்சாரம் சற்றுத் தாமதமாகச் செல்கிறது என்பதே அதன் பொருள். நலமுள்ளோர் சிலரிடமும் இது காணப்படும். எக்கோவும் டிரெட்மில் சோதனையும் சரியாக இருந்தமையால் மருந்தின்றியே அவரை அனுப்பினோம். இடக்கிளைத் தடை அவ்வாறன்று. அதன் காரணத்தைத் தேடியாக வேண்டும். நெஞ்சுவலியோடு அது புதிதாகத் தோன்றினால் அவசர நிலையாகவே கருதுவோம்.

குழாயும் கம்பியும் முற்றிலும் தொடர்பற்றவை என்றும் எண்ண வேண்டா. நடுக்கணுவுக்கும் தமனி வழியாகத்தான் இரத்தம் செல்கிறது. ஆகையால் சிலவகை மாரடைப்பில் இரண்டு ‘பிளாக்’குகளும் ஒருங்கே வரும்.

இவை போதாவென்று ‘பீட்டா பிளாக்கர்’ என்னும் மாத்திரைகளும் உள்ளன. பெயரைக் கண்டு, அடைப்பை உண்டாக்கும் மருந்தோ என அஞ்சி நிறுத்தியவர்கள் உண்டு. அட்ரீனலினின் வேகத்தைத் தடுத்து இதயத்திற்கு ஓய்வளிக்கும் மருந்து அது. திடீரென நிறுத்துவதே ஆபத்து. ஆனால் மின்வழித் தடை உடையவருக்கு அதுவே நாடியை மேலும் குறைக்கும். கண்ணழுத்தத்திற்கு இடும் டிமோலால் சொட்டு மருந்தும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. சொட்டு மருந்தை மருந்தாகவே எண்ணாமல் பலர் எங்களிடம் சொல்ல மறந்துவிடுகின்றனர்.

அறுவைக்கு முன் மயக்கவியல் மருத்துவர் ‘கைக்கு பிளாக் கொடுத்துவிடலாம்’ என்றால், நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி என்று பொருள். இதயத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை.

இந்தக் குழப்பத்தில் எங்கள் பங்கு பெரிது. அவசரத்தில் ‘பிளாக் இல்லை, போய் வாருங்கள்’ என்று சொல்லிவிடுகிறோம். அவ்வாறு சொன்னால், ‘இரத்தக் குழாயிலா, மின்வழியிலா?’ என்று தயங்காமல் கேளுங்கள். பழைய இ.சி.ஜி. தாளை எறிந்துவிடாதீர்கள், அந்த அச்சு நாளடைவில் மங்கிவிடும் என்பதால் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடக்கிளைத் தடை புதியதா பழையதா என்பதை நள்ளிரவில் எங்களுக்குச் சொல்லக்கூடியது பெரும்பாலும் அந்தப் படம் ஒன்றுதான்.