கைகள் பேசும் மொழி

நெய்வேலி நகரியத்தில் மருத்துவமனையிலோ வங்கியிலோ வரிசையில் நிற்கிறீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்; எழுந்து போகிறீர்கள். காது கேளாத ஒருவருக்கு அந்த அழைப்பே போய்ச் சேராது. அவருக்கும் மருத்துவருக்கும் நடுவே பாலமாக நிற்பவர்தான் சைகை மொழிபெயர்ப்பாளர்.

சைகை மொழி வெறும் கையசைப்பு அல்ல. அதற்கென்று இலக்கணம் உண்டு. ‘உங்கள் பெயர் என்ன?’ என்று தமிழில் கேட்கும்போது ‘என்ன’ கடைசியில் வருகிறது அல்லவா? இந்திய சைகை மொழியிலும் கேள்விச்சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். புருவமும் முகபாவமும்கூட அங்கே இலக்கணமே.

இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015-இல் டெல்லியில் தொடங்கப்பட்டது. அது 2021-இல் வெளியிட்ட அகராதியின் மூன்றாம் பதிப்பில் 10,000 சொற்கள் உள்ளன. ஆண்டுதோறும் செப்டம்பர் 23 சர்வதேச சைகை மொழிகள் தினம்.

மொழிபெயர்ப்பாளர் உடன் இருந்தாலும், காது கேளாதவரின் முகம் பார்த்தே பேசுங்கள். மொழிபெயர்ப்பாளர் இல்லாத இடத்தில் வெளிச்சத்தில் நின்று, ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். வணக்கம், நன்றி என்ற இரண்டு சைகைகளையாவது இன்றே கற்றுக்கொள்ளுங்கள்.