நெல் மூச்சு விடுதலும் குதிர் சூடேறுதலும்

குறுவை நெல் அறுவடையாகும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் மழை குறுக்கிட்டால், காவிரிப் பாசனப் பகுதிகளில் ஈர நெல்லை அப்படியே குவித்து மூடிவைக்க நேரிடுவதுண்டு. இரண்டொரு நாள் கழித்து அக்குவியலுக்குள் முழங்கை வரையில் கையை நுழைத்துப் பார்த்தால், வெந்நீரில் கை வைத்தாற்போல் சுடும். நெருப்பு மூட்டாமலும் வெயில் படாமலும் இந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்பதைக் குடியானவர்கள் தெரிந்துகொள்வது நலம். ஏனெனில், அடுத்த பட்டத்துக்கு வேண்டிய விதையின் உயிரைப் போக்குவது அச்சூடேயாகும்.

நெல்மணி உயிருள்ள பொருள். அதனுள் இருக்கும் முளைக்கரு உறங்குகிறதேயன்றி மாண்டுவிடவில்லை. உயிருள்ளவை யாவும் மூச்சு விடவேண்டும். மூச்சு விடுவதாவது, சர்க்கரையைப் பிராணவாயுவுடன் சேர்த்து மெல்ல எரித்து, அதிலுள்ள சக்தியை எடுத்துக்கொள்வதாகும்.

அந்தச் சர்க்கரை முதலில் உண்டாவது பச்சை இலையில். இலையிலுள்ள பச்சையம் சூரிய வெளிச்சத்தின் சக்தியைப் பற்றிக்கொண்டு, காற்றிலுள்ள கரியமிலவாயுவையும் வேர் கொண்டுவரும் நீரையும் சர்க்கரையாக்குகிறது. பிராணவாயு வெளியே விடப்படுகிறது. 1771ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ப்ரீஸ்ட்லி என்பவர், மெழுகுவத்தி எரிந்து கெட்டுப்போன காற்றில் ஒரு புதினாக் கிளையை வைத்துச் சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது, அதே காற்றில் மெழுகுவத்தி மறுபடியும் எரியக் கண்டார். வெளிச்சத்தில் பச்சைப் பாகங்கள் மட்டுமே இவ்வாறு காற்றைச் சுத்தி செய்கின்றன என்று 1779இல் இங்கன்ஹவுஸ் என்பவர் காட்டினார். செடிகள் இரவில் மட்டுமே மூச்சு விடுகின்றன என்று பலர் எண்ணுவது சரியன்று. அவை இரவு பகல் ஓயாமல் மூச்சு விடுகின்றன. பகலில் சர்க்கரை உற்பத்தி மிகுதியாக நடப்பதால் அது வெளியில் தெரிவதில்லை. உற்பத்தியில் செலவு போக மிஞ்சுவதே கதிரில் மாவுச்சத்தாகச் சேருகிறது. அதாவது, களத்திற்கு வரும் நெல் செடியின் சேமிப்பாகும்.

மூச்சு விடுவதும் எரிவதும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்று நிரூபித்தவர்கள் பிரான்சு தேசத்து லவாய்சியரும் லாப்லாஸும் ஆவர். 1782-83ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இவர்கள் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் வைத்து, அதன் உடற்சூட்டினால் எவ்வளவு பனிக்கட்டி உருகிற்று என்று நிறுத்துப் பார்த்தார்கள். பிராணி வெளிவிட்ட கரியமிலவாயுவின் அளவுக்குக் கரியை எரித்தால் உண்டாகும் சூட்டுடன் அது ஏறக்குறைய ஒத்திருந்தது.

ஆனால் அடுப்பில் விறகு எரிவதுபோல் உடலுக்குள் சர்க்கரை ஒரேயடியாக எரிவதில்லை. செடியின் உடலும் மாட்டின் உடலும் கண்ணுக்குப் புலப்படாத சிற்றறைகளால் ஆனவை. இவற்றுக்கு உயிரணுக்கள் என்று பெயர். சர்க்கரை முதலில் உயிரணுவின் குழம்பில், பிராணவாயுவின் உதவியின்றியே இரண்டாகப் பிளக்கப்படுகிறது. பின்பு மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உறுப்புகளில் பிராணவாயுவைக் கொண்டு படிப்படியாக முற்றும் சிதைக்கப்படுகிறது. இப்படிகளில் முக்கியமான ஒரு சுற்றை 1937இல் கிரெப்ஸ் என்பவர் கண்டறிந்தார். வெளிப்படும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஏ.டி.பி. என்னும் பொருளில் பிடித்து வைக்கப்படுகிறது. இதனை உயிரணுவின் சில்லறைக் காசு எனலாம். முளை நீளுவதும், வேர் உப்புகளை உறிஞ்சுவதும், உழவுமாட்டின் தசை ஏரை இழுப்பதும் இக்காசைச் செலவிட்டே நடக்கின்றன. இப்பொருள் ஒவ்வொன்றிலும் மணிச்சத்து மூன்று இடங்களில் அமைந்துள்ளது. மணிச்சத்துக் குறைந்த நிலத்தில் பயிர் தூர் கட்டாமல் குன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். எஞ்சிய மூன்றில் இரண்டு பங்கு சக்தி சூடாகவே கழிந்துவிடுகிறது. குவியலில் கையைச் சுட்டது இதுதான்.

கணக்கைச் சற்றுப் பார்க்கலாம். 1 கிலோ மாவுச்சத்து மூச்சில் எரிந்து தீர்ந்தால், அரை லிட்டருக்கு மேற்பட்ட நீரும் 1½ கிலோவுக்கு மேற்பட்ட கரியமிலவாயுவும் உண்டாகும். வெளிப்படும் உஷ்ணமோ, பனிக்கட்டியைப் போல் குளிர்ந்த 40 லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. உமி சூட்டை எளிதில் வெளியே விடாது. ஆகவே, ஈரத்தினால் மூச்சு பெருகுகிறது. மூச்சினால் சூடும் மேலும் ஈரமும் உண்டாகின்றன. அவை மூச்சை இன்னும் பெருக்குகின்றன. ஈரம் 14 சதவீதத்திற்கு மேற்பட்டால் பூசணமும் கூடி, நெல்லைவிட அதிகமாகவே மூச்சு விடத் தொடங்கும். இவ்வாறு வெந்த நெல்லைக் குத்தினால் அரிசி மஞ்சளிக்கும். விதை நெல்லானால், மேலுக்கு எவ்வித மாறுதலும் தெரியாமலே உள்ளே முளைக்கரு செத்திருக்கும். நாற்றங்கால் வெறிச்சோடிய பிறகே நஷ்டம் விளங்கும்.

விதையை ஊறவைத்து முளை கட்டும்போதும் இதே மூச்சுதான் வேலை செய்கிறது. அப்போது மிதமான சூடு வேண்டியதே. ஆயினும் சாக்கை நெருக்கிக் கட்டி, கிளறாமல் விட்டால் உள்ளே பிராணவாயு தீர்ந்துபோகும். பிராணவாயு இல்லாதபோது சர்க்கரை பாதியில் நின்று சாராயமாக மாறும், கிடைக்கும் ஏ.டி.பி.யோ பதினைந்தில் ஒரு பங்குதான். சாக்கைப் பிரிக்கையில் புளித்த வாடை வீசினால் நேர்ந்தது இதுவே என்று அறியலாம். அவ்வப்போது கிளறி நீர் தெளித்து வந்தால் இத்தொல்லை இராது.

விதை நெல்லை ஈரம் 13 சதவீதத்திற்கு மேற்படாதபடி காயவைக்க வேண்டும். ஈரமானி இல்லாதவர்கள் மணியைப் பல்லில் கடித்துப் பார்ப்பார்கள். நன்றாகக் காய்ந்தது மளுக்கென்று ஒடியும். ஈரம் ஒரு சதவீதம் குறையுந்தோறும் விதையின் ஆயுள் ஏறக்குறைய இருமடங்காகும் என்றும், வைத்திருக்கும் இடத்தின் உஷ்ணம் 5 டிகிரி சென்டிகிரேடு குறைந்தாலும் அவ்வாறே ஆகும் என்றும் விதை நூலார் கணக்கிட்டிருக்கின்றனர். வெயிலிலிருந்து வாரிய சூட்டோடு குதிரில் கொட்டுவது பெரும் தவறு. நிழலில் பரப்பி ஆறிய பின்பே கொட்டவேண்டும். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் கட்டைகளின்மேல் அடுக்கவேண்டும்.

விதைப்பதற்குப் பத்து நாட்களுக்கு முன்னதாக, குதிரின் மேலும் நடுவிலும் அடியிலுமாக எடுத்த நெல்லில் 100 மணிகளை எண்ணி, ஈரத்துணியில் சுருட்டி வைத்துப் பார்க்கலாம். 80க்குக் குறையாமல் முளைத்தால் நல்ல விதை. சற்றுக் குறைந்தால் விதையளவைக் கூட்டிக்கொள்ளலாம். பாதிகூட முளைக்காவிட்டால், அதை அரிசிக்கு அனுப்பிவிட்டு வேறு விதை தேட அந்தப் பத்து நாள் அவகாசம் உதவும்.