சமமாக வந்தால் வென்றவர் யார்?

ஓசூர் தொழிற்பேட்டையில் லேத் இயக்கும் ஒருவரிடம் இரும்புத் தண்டு ஒன்றைக் கொடுத்து, "20 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கடைந்து தாருங்கள்" என்று கேளுங்கள். "டாலரன்ஸ் எவ்வளவு?" என்பதே அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். எப்பொருளையும் இம்மியும் பிசகாமல் செய்ய இயலாது. எவ்வளவு பிசகலாம் என்பதை முன்கூட்டியே வரையறுத்துக்கொள்ள வேண்டும். பந்தயத்தில் இருவர் சமமாக வரும்போதும் இக்கேள்வியே எழுகிறது.

1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தனிநபர் கலப்பு நீச்சல். ஸ்வீடனின் குன்னார் லார்சன், அமெரிக்காவின் டிம் மக்கீ இருவரும் 4 நிமிடம் 31.98 விநாடியில் முடித்தனர். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பார்த்தபோது லார்சனுக்கு 31.981, மக்கீக்கு 31.983. தங்கம் லார்சனுக்குச் சென்றது.

அந்த நேரத்தில் அவர்கள் நீந்தக்கூடிய தொலைவு எவ்வளவு? சராசரி வேகப்படி சுமார் 3 மில்லிமீட்டர்தான்! ஆனால் 50 மீட்டர் குளத்தில் ஒவ்வொரு தடமும் 3 சென்டிமீட்டர் வரை கூடுதலாக இருக்கலாம் என்று விதிகளே இடம் தந்ததுண்டு. 400 மீட்டருக்கு எட்டு நீளம் நீந்த வேண்டும். அந்த விதிப்படி ஒருவர் மற்றவரைவிட 24 சென்டிமீட்டர் வரை அதிகம் நீந்த நேரலாம். குளத்தின் பிசகைவிடச் சிறிய வேறுபாட்டை வைத்து வெற்றியை முடிவுசெய்வது முறையா?

குறை கடிகாரத்தில் இல்லை. ஓசூரில் உருவாகும் டைட்டன் போன்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களிலேயே படிகம் பொதுவாக விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஆயினும் கடிகாரம் நுட்பமாக இருந்தால் மட்டும் போதாதன்றோ? எனவே நீச்சலில் நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டனர். 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில், 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் 51.14 விநாடியில் வந்த மூவருக்கும் வெள்ளி வழங்கப்பட்டது.

ஓட்டத்தில் நிலை வேறு. அங்கே எல்லாருக்கும் முடிவுக்கோடு ஒன்றே; அதை ஒரே கேமரா படம்பிடிக்கிறது. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில், 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நம் பி.டி. உஷா 55.42 விநாடியில் வந்தார். ருமேனியாவின் கிறிஸ்டினா கொஜொகாருவோ 55.41. நூறில் ஒரு பங்கில், அதாவது சுமார் 7 சென்டிமீட்டரில், வெண்கலம் கைநழுவியது. நூறில் ஒரு பங்கும் சமமானால், ஓட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பார்ப்பதுண்டு.

உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில், ஓடி வருபவரைக் கண்டு விரல் ஸ்டாப் வாட்சை அழுத்தவே ஏறத்தாழ விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். இரு கடிகாரங்கள் நூறில் இரண்டு பங்கு வேறுபாடு காட்டினால், இருவருக்கும் பரிசளிப்பதே அறிவியல் முறை!