காலையில் முரண்டு பிடிக்கும் டீசல் வண்டி



விடியற்காலை மணி 5. பெரட்டுக்கு இன்னும் ஆள் சேரவில்லை. லயத்தில் ஒருவருக்கு மூச்சுத் திணறல். தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். சேறான செம்பனைக்காட்டுப் பாதையில் போகக்கூடியது அந்தப் பழைய டீசல் ஃபோர்வீல் ஒன்றுதான். சாவியைத் திருப்புகிறோம். இயந்திரம் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. இப்படி ஒரு காலை நமக்கு வராதிருக்க என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

"குளிர்தான் காரணம்" என்பார்கள் சிலர். கோல சிலாங்கூரிலும் சபாக் பெர்ணாமிலும் விடியற்காலையில்கூட வெப்பம் 22 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. பனி நாடுகளிலும் கிளம்பும்படி செய்யப்பட்ட வண்டி இங்கே முரண்டு பிடித்தால், குற்றம் குளிருடையதன்று. வண்டியில் பழுது இருக்கிறது.

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. 1897-இல் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய அடிப்படை முறைதான் இன்றும். காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்கினால் அது கடுமையாகச் சூடேறும். அதில் எண்ணெயைப் பீய்ச்சியதும் தானே பற்றிக்கொள்ளும். சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பாகம் சுடுவதை நம் பிள்ளைகள் அறிவார்கள். அதே சங்கதிதான். ஆகவே நான்கு காரியங்கள் வேண்டும்: வேகமான சுற்று, சூடு, காற்றுக் கலவாத எண்ணெய், கசியாத அழுத்தம். இதே வரிசையில் சோதித்தால் செலவு குறையும்.

முதலில் காதால் கேளுங்கள். சுற்று மந்தமாக இருந்தால் பேட்டரியைப் பாருங்கள். முனைகளில் வெள்ளை அல்லது பச்சைப் பூப்பு இருந்தால் கழற்றி, வெந்நீரால் கழுவித் துடைத்து இறுக்குங்கள். இயந்திரத்தையும் சட்டத்தையும் இணைக்கும் எர்த் கம்பியையும் மறவாதீர்கள்.

சுற்று வேகமாக இருந்தும் பிடிக்கவில்லையா? வண்டியை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக் போட்டு, ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் பக்கவாட்டில் நின்று புகையைக் கவனிக்கட்டும்.

வெள்ளைப் புகை வந்தால் எண்ணெய் போகிறது, எரியவில்லை. சூடேற்றும் குளோ பிளக்கின் மேல் சந்தேகப்படலாம். சாவியை அணைத்து, பிளக்குகளை இணைக்கும் கம்பியைக் கழற்றுங்கள். 12 வோல்ட் சோதனை விளக்கின் ஒரு முனையை பேட்டரியின் கூட்டல் முனையிலும், மறுமுனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வையுங்கள். விளக்கு எரியாத பிளக் அறுந்துவிட்டது. சில பழைய லேண்ட் ரோவர்களில் பிளக்குகள் சங்கிலிபோல் தொடராக இணைந்திருக்கும். அங்கே ஒன்று அறுந்தால் எல்லாமே சூடாகா.

புகையே இல்லையென்றால் எண்ணெய் போய்ச் சேரவில்லை. டாங்கி இயந்திரத்தைவிடத் தாழ்வானது. குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் இரவில் காற்றுப் புகுந்து எண்ணெய் பின்வாங்கும். பில்டர் மேலுள்ள கைப்பம்பை இறுகும்வரை அமுக்கிவிட்டுத் திருப்புங்கள். உடனே பிடித்தால் காற்றுக் கசிவு உறுதி. பழைய ரப்பர் குழாய்களையும் கிளாம்ப்புகளையும் மாற்றுங்கள். பில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரையும் வடியுங்கள்.

இங்கே நமக்கொரு செய்தி. 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தோன்றியது நம் கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தெனாமாரத்தில்தான். 2019-இல் வாகன டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைக் கலக்கத் தொடங்கினார்கள். அது சாதா டீசலைவிட ஈரத்தை அதிகம் பிடிக்கும்; பழைய ரப்பரை இளக்கவும் கூடும். ஆகவே நம் பழைய வண்டிகளுக்குக் கவனிப்பு கூடுதலாகத் தேவை.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நெடுநேரம் சுற்ற வேண்டியிருந்தால், வால்வு அல்லது பிஸ்டன் வளையம் தேய்ந்து அழுத்தம் குறைந்திருக்கலாம். அது பட்டறையில் அளந்து பார்க்க வேண்டிய வேலை.

மூன்று எச்சரிக்கைகள். குளோ பிளக் உள்ள வண்டியில் ஸ்டார்ட் ஸ்பிரே அடிக்காதீர்கள். வெடித்துப் பிஸ்டனே உடையலாம். சுற்றும்போது எண்ணெய் பீய்ச்சும் இன்ஜெக்டர் அருகே கையை நீட்டாதீர்கள். அதன் வேகம் தோலைத் துளைக்கும். மூடிய கொட்டகைக்குள் இயந்திரத்தை ஓடவிடாதீர்கள். அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

வண்டி ஒரு நாளில் படுத்துவிடுவதில்லை. நேற்று இரண்டு சுற்று, இன்று ஐந்து சுற்று என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அந்தச் சொல்லைக் காதில் வாங்கி ஓய்வு நாளிலேயே சோதித்து வைத்தால், அவசரத்தில் நம் உறவுகளுக்கு அது கைகொடுக்கும்.