பேதம் அறியாப் பருவமும் பேதம் அறிந்த கணமும்

தமிழ்ப் புலவர் குழந்தையைப் பாடத் தயங்கியவரல்லர். பெரியாழ்வார் தம்மைத் தாயாக்கிக்கொண்டு கண்ணனின் பிள்ளைமையைப் பாடினார். பின்வந்தோர் பிள்ளைத்தமிழ் என்றொரு பிரபந்த வகையையே வளர்த்து, காப்பு முதலாகப் பத்துப் பருவங்களாகக் குழந்தைமையை வகுத்தனர். அவற்றுள் அம்புலிப் பருவத்திலே, சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களாலும் நிலவை விளையாட அழைப்பது மரபு. பேதம் என்பது குழந்தையின் உயர்வையும் நிலவின் தாழ்வையும் எடுத்துக்காட்டுவதாகும். விளையாட அழைக்கும் பாட்டிலேயே உயர்வு தாழ்வு புகுந்துவிட்டமை நகைப்புக்கும் சிந்தனைக்கும் உரியது. ஆயினும் இப்பாடல்களில் நாம் காண்பது பெரியவர் கண்ட குழந்தையே. குழந்தை கண்ட உலகைக் குழந்தையின் கண் கொண்டே காட்டும் முயற்சி, பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு உரைநடையின் பேறு எனலாம்.

அவ்வுரைநடையில் மீண்டும் மீண்டும் வரும் ஒரு பொருளை ஈண்டு ஆராய்வோம். மனிதரை மனிதர் பிரித்து வைத்திருக்கின்றனர் என்பதைப் பிள்ளை முதன்முதலாக அறியும் கணமே அது. குழந்தை உள்ளம் வெள்ளைத் தாள். உலகம் அதிற் கறை பூசுகிறது என்பது வழக்கமாகக் கூறப்படும் விளக்கம். இவ்விளக்கம் போதாது என்பதே என் கருத்து. பிள்ளை பேதத்தைக் காணாமல் வளர்வதில்லை. நாள்தோறும் அதனிடையேதான் வளர்கிறது. எழுத்தறியாதவன் ஏட்டின் கீறல்களைக் காண்பதுபோல, காண்கிறது. ஆனால் வாசிக்க அறியாது. ஒருநாள் யாரோ ஒருவர் வாசித்துக் காட்டுகிறார். அவர் யார், எவ்வகையாக வாசித்துக் காட்டினார் என்பதைப் பொறுத்தே அப்பிள்ளையின் பிற்காலம் அமைகிறது.

பாமா 1992இல் வெளியிட்ட ‘கருக்கு’ என்னும் தன்வரலாற்று நூல் இதற்குச் சிறந்த சான்று. மூன்றாம் வகுப்பிற் படிக்கும் சிறுமி பள்ளி விட்டு வீடு திரும்புகிறாள். வழியெங்கும் வேடிக்கை, பார்த்து முடியவில்லை. களத்திலே நெல்லடிப்பு நடக்கிறது. நிலக்காரர் அமர்ந்து மேற்பார்வை செய்கிறார். அப்பொழுது அவள் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், கடையில் வாங்கிய தின்பண்டப் பொதியொன்றை அதன் கயிற்றை மாத்திரம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருகிறார். பொதியிற் கை படவில்லை. இப்படி ஆட்டிக்கொண்டு வந்தால் அவிழ்ந்துவிடாதா என்று எண்ணுகிறாள் சிறுமி. பெரியவர் குனிந்து நீட்ட, நிலக்காரர் வாங்கித் தின்கிறார். வீட்டிலே தன் அண்ணனிடம் இதனைச் சொல்லிச் சிரிக்கிறாள்; அண்ணன் சிரிக்கவில்லை. அவர் கை பொதியிற் பட்டால் தீட்டு என்று மேல்சாதியார் கருதுவதனாலேயே அவ்வாறு தூக்கி வந்தார் என்கிறான். சிரிப்பு அவ்விடத்தில் நின்று, சினம் பிறக்கிறது.

இந்நிகழ்ச்சியில் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. தீமை நிகழ்ந்தது களத்தில். குழந்தைமை கழிந்தது வீட்டில். கண்ட காட்சி அவளை நோகச் செய்யவில்லை. சொன்ன சொல்லே நோகச் செய்தது. ஆனால் அச்சொல்லைச் சொன்னவன் அவளுடன் பிறந்தவன். அவனும் தெருப்பெயரைக் கேட்டுச் சாதி அறிய முயன்றோரைக் கண்டவன். விளக்கிய அதே வாயால், படித்தால் இந்த இழிவை உதறலாம் என்று வழியும் கூறினான். சிறுமி படித்தாள், ஆசிரியையுமானாள். கல்விக்கூடங்களிலும், பின்னர் தான் சேர்ந்த துறவு மடத்திலும் அதே பேதம் வேறு உருவில் எதிர்ப்பட்டதையும் அந்நூல் மறைக்கவில்லை. பேச்சுத்தமிழில் எழுதியமைக்காக அந்நூலைக் குறை கூறுவோருமுளர். அந்த வேடிக்கையும் அந்தச் சினமும் இலக்கண நடைக்குள் அடங்கியிருக்குமா என்பது எனக்கு ஐயமே.

அண்ணன் இல்லாத இடத்தில் என்ன நேரும்? அம்பேத்கர் எழுதிய ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்னும் சிறு நூல் இதற்கு விடையளிக்கிறது. அவர் காலமாகிப் பல ஆண்டுகளின் பின்னரே அது நூலாக வெளிவந்தது. 1901ஆம் ஆண்டு. தாயை இழந்த சிறுவர் சிலர், கோரேகாவில் உத்தியோகம் பார்க்கும் தந்தையிடம் விடுமுறையைக் கழிக்கப் புறப்படுகின்றனர். புதுச் சட்டை, சரிகைத் தொப்பி, பட்டுக்கரை வேட்டி. இரயிற் பயணமும் புதிது. இறங்கிய நிலையத்தில் அழைத்துச் செல்ல எவரும் வரவில்லை. நிலைய அதிபர் அன்போடு விசாரிக்கிறார். நாங்கள் மகர் குலத்தார் என்று சிறுவன் உள்ளதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிடுகிறது. வண்டிக்காரர் எவரும் ஏற்ற மறுக்கின்றனர். முடிவில் இரட்டைக் கூலிக்கு ஒருவன் இணங்குகிறான். ஆயினும் சிறுவர்களே வண்டியை ஓட்ட வேண்டும், அவன் கூட நடந்து வருவான். இராக்காலத்திற் கூடையில் உணவு இருக்கிறது. குடிக்க நீர் தருவாரில்லை. உண்ணாமலே படுத்துக்கொள்கின்றனர்.

அச்சிறுவன் இதற்கு முன்னரும் ஒன்றும் அறியாதவனல்லன். பள்ளியில் அவன் இருக்கத் தனிச் சாக்கு. அதனை வீட்டிலிருந்து கொண்டுவந்து மாலையில் எடுத்துச் செல்லல் வேண்டும். குழாயை அவன் தொடலாகாது; சேவகன் திறந்து விட்டாற்றான் தண்ணீர். இவையெல்லாம் ஊரின் வழக்கம், வெயிலும் மழையும் போல என்று ஏற்றிருந்தான். நிலையத்தில் மாறிய முகம் அந்த ஏற்பைக் கலைத்தது. தன் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லால் ஒருவரின் அன்பு அணைந்துபோவதைப் பிள்ளை நேரே கண்டான். அங்கே வாசித்துக் காட்டியவர் அந்நியர். அவர் வாய் திறந்து விளக்கவுமில்லை.

இவ்விரண்டும் அடிபட்டவர் பக்கத்துக் கதைகள். அடிப்போரின் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ 1960இல் வெளியிட்ட ‘டு கில் எ மொக்கிங்பேர்ட்’ என்னும் நாவல் வெள்ளையர் வீட்டுச் சிறுமியொருத்தியின் வாய்மொழியாக அமைந்தது. குற்றமற்ற கறுப்பரொருவர்மீது நடைபெறும் வழக்கைப் பிள்ளைகள் நேரிற் பார்க்கின்றனர். அரச தரப்பு வழக்கறிஞர் அம்மனிதரை ஏளனமாக விசாரிப்பதைத் தாங்காமல் டில் என்னும் சிறுவன் அழுதுவிடுகிறான். வெளியே நிற்கும் பெரியவர் ஒருவர், இன்னும் சில ஆண்டுகள் சென்றால் இவன் அழமாட்டான் என்ற கருத்துப்படச் சொல்கிறார். என் நோக்கில் நாவலின் உயிர்நிலை வழக்குத் தீர்ப்பன்று, இவ்விடமே. ஒடுக்கப்பட்ட பிள்ளை இழப்பது சிரிப்பை. ஒடுக்குவோர் வீட்டுப் பிள்ளை இழப்பது அழுகையை. முன்னது உடனே தெரிந்துவிடும். பின்னதை இழந்தவரும் அறியார்.

நம் நாட்டவரான சியாம் செல்வதுரை 1994இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ஃபன்னி போய்’ இன்னொரு சிக்கலை எழுப்புகிறது. கொழும்புத் தமிழ்ச் சிறுவன் ஒருவன், தன் அத்தை சிங்கள இளைஞனொருவனோடு கொண்ட நட்பைக் குடும்பம் வெட்டுவதன் வாயிலாக இனபேதத்தை அறிகிறான். கடுமையாக எதிர்ப்பவர் பாட்டி. அவருடைய தந்தை 1958ஆம் ஆண்டுக் கலவரத்திற் கொல்லப்பட்டவர். இங்கே வாசித்துக் காட்டுபவர் அன்புடைய உறவினர்தாம்; ஆனால் ஆறாத புண்ணோடு வாசிக்கிறார். பாமாவின் அண்ணனைப்போல் இவரும் உறவினரே என்று ஒன்றாக எண்ணிவிடல் ஆகாது.

மலையகத்துப் பிள்ளையின் நிலை யாது? புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய ‘துன்பக்கேணி’ தொடங்கித் தேயிலைத் தோட்டம் தமிழ்ப் புனைகதைக்குக் களமாகியே வந்துள்ளது. ஆயினும் யான் படித்த அளவில், பிள்ளை அதில் ஓரமாகவே நிற்கிறது. பிள்ளைக்காம்பராவில் விடப்படுகிறது, நோயுறுகிறது, அழுகிறது. அது என்ன கண்டது என்று கேட்ட எழுத்து அரிது. காண்பதற்கோ குறைவில்லை. திருவிழாவில் தப்படிப்பவர் எந்த லயத்தார் என்பதைப் பிள்ளை கேளாமலே அறியும். காரணத்தை மாத்திரம் அறியாது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் தன் பாட்டனார் நாடற்றவரானதும், அந்நிலை முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை சென்றதும் அதற்குத் தெரியாது. பின்னர் ஐந்தாம் வகுப்பு முடித்து நகரப் பாடசாலைக்குச் செல்லும் ஆண்டில், ‘தோட்டக்காட்டான்’ என்னும் ஒரு சொல் காதில் விழும். அச்சொல்லை உச்சரிப்போருட் சிலருடைய பாட்டனாரும் லயத்திற் பிறந்தவரே என்பது பிள்ளைக்கு வெகுகாலம் கழித்தே விளங்கும்.

இத்தகைய பகுதிகளை வகுப்பறையிற் படிப்பிக்கலாகாது, பிஞ்சு உள்ளம் வாடும் என்பார் நம்மிடையே உண்டு. வாடும் என்பது மெய்யே. ஆனால் நாம் வாய் மூடியிருந்தால் பிள்ளை அறியாமலிருக்கும் என்பது மெய்யன்று. நிலைய அதிபரோ தெருவோ சொல்லிக்கொடுக்கும், அவ்வளவே வேறுபாடு. கருக்கின் அந்தப் பக்கத்தைப் பத்தாம் வகுப்பில் வாசிக்கும்போது, கயிற்றிலே ஆடிவரும் பொதியின் இடத்தில் மாணவர் தவறாமற் சிரிக்கின்றனர். அண்ணன் பேசியதும் அமைதி. அதன் பின் எழும் முதல் வினாவும் ஏறக்குறைய ஆண்டுதோறும் ஒன்றே: அந்தப் பெரியவர் ஏன் பொதியைக் கீழே போட்டுவிட்டு நடக்கவில்லை? அதற்கு மறுமொழியை நான் சொல்வதில்லை. அன்று மாலை வீட்டிலே, பிரட்டுக்களத்திற் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குச் சென்று திரும்பும் தாயிடம் கேட்டு வரும்படி சொல்வேன்.