பழைய கீசரை மாற்றும் முன் ஒரு கணக்கு

நமது உறுப்பினர்களில் சிலர் கடையோடு லாட்ஜ், மெஸ், திருமண மண்டபம் ஆகியவற்றையும் நடத்தி வருகிறார்கள். பழைய கீசர் பழுதானால் அதே மாதிரியில் இன்னொன்றை வாங்கி மாட்டிவிடுவதே வழக்கம். அதற்கு முன் 'ஹீட் பம்ப்' பற்றித் தெரிந்துகொள்வது நல்லது.

கடையில் ஓடும் பிரிட்ஜின் பின்பக்கம் சூடாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் வெப்பத்தைக் கம்ப்ரஸர் வெளியே தள்ளுகிறது. ஹீட் பம்பும் இதைத்தான் செய்கிறது. வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்துத் தொட்டித் தண்ணீரில் சேர்க்கிறது. வெப்பத்தைப் புதிதாக உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், 1 யூனிட் மின்சாரத்தில் சுமார் 3 யூனிட் அளவு வெப்பம் கிடைக்கிறது. காயில் கீசரில் 1 யூனிட்டுக்கு மேல் கிடைக்க வழியில்லை.

இனி கணக்குக்கு வருவோம். 1 யூனிட் என்பது 860 கிலோ கலோரி. 100 லிட்டர் தண்ணீரின் சூட்டை 30 டிகிரி உயர்த்த 3,000 கிலோ கலோரி, அதாவது சுமார் 3.5 யூனிட் வேண்டும். ஹீட் பம்பில் இதுவே சுமார் 1.2 யூனிட். மிச்சம் 2.3 யூனிட். தினம் 1,000 லிட்டர் சுடவைக்கும் லாட்ஜுக்கு மாதம் ஏறக்குறைய 690 யூனிட் மிச்சம். உங்கள் பில்லில் உள்ள யூனிட் விலையால் பெருக்கிப் பாருங்கள். ஆனால் தினம் 50 லிட்டர் மட்டும் செலவாகும் வீட்டுக்கு மிச்சம் மாதம் 35 யூனிட்தான். ஹீட் பம்பின் விலை கீசரைப் போலப் பல மடங்கு. எனவே போட்ட முதல் திரும்ப நெடுநாள் ஆகும்.

கீசரில் உள்ள ஸ்டார் முத்திரையை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சுட்ட தண்ணீர் தொட்டியில் நிற்கும்போது எவ்வளவு வெப்பம் வீணாகிறது என்பதையே அது காட்டுகிறது.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை:

1. ஹீட் பம்ப் மெதுவாகச் சுடவைக்கும். காலை நெரிசலுக்குப் போதுமான தொட்டி வேண்டும்.

2. காற்றோட்டமான இடத்தில் வைக்கவேண்டும். அதிலிருந்து சொட்டும் நீர் வடிய வழி விடவேண்டும்.

3. உப்புத் தண்ணீர் ஊர்களில் உள்ளே உப்புப் படியும். சுத்தம் செய்ய ஆள் வருவாரா என்று முன்பே கேட்டுக்கொள்ளவும்.

4. நல்ல வெயில் விழும் மொட்டை மாடி இருந்தால் சோலார் ஹீட்டரின் விலையையும் ஒப்பிட்டுப் பார்க்கவும்.

கொட்டேஷன் கேட்பதற்கு முன், ஒரு வாரம் எத்தனை லிட்டர் வெந்நீர் செலவாகிறது என்று நோட்டில் எழுதி வையுங்கள். எதை வாங்கலாம் என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.