மண்டையோட்டுக்கு மேல் இன்னோர் ஓடு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லட்ரோப் என்றொரு சிற்றூர். ஜூலைக் கடைசியில் அங்குள்ள செயின்ட் வின்சென்ட் கல்லூரி மைதானத்தில், இயல்பைவிடப் பெரிய தலைகளோடு ஆட்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஹெல்மெட்டின் மேல் கட்டம் கட்டமாகப் புடைத்த, மெத்தென்ற உறை ஒன்றை மாட்டியிருப்பார்கள். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அவர்கள் ஆடும் விளையாட்டின் அண்மைக்கால வரலாறு முழுவதும் அந்த உறைக்குள் இருக்கிறது.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்ற தொழில்முறை அணி 1966 முதல், கொரோனா ஆண்டுகள் நீங்கலாக, இந்தக் கல்லூரியின் விடுதியில் தங்கித்தான் புதிய சீசனுக்குத் தயாராகிறது. அவர்கள் ஆடுவது அமெரிக்கக் கால்பந்து. பெயரில்தான் கால் இருக்கிறது. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதும் எதிராளியை உடம்பால் தடுப்பதும்தான் ஆட்டம். இந்தப் பயிற்சி முகாம் தொடங்கும்போது ஓர் அணியில் 90 பேர்வரை இருப்பார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் அது 53 ஆகக் குறைக்கப்படும். இடத்தைத் தக்கவைக்கத் துடிக்கும் இளைஞன் பயிற்சியிலும் முழு வேகத்தோடுதான் மோதுவான். ஆகவே அணியின் பொருள்களைப் பராமரிப்பவர்களுக்கு முகாமின் முதல் வேலை, ஒவ்வொரு தலைக்கும் ஒரு ஹெல்மெட்டைப் பொருத்தித் தருவது.

தொடக்கத்தில் தோல் தொப்பிதான் இருந்தது. 1939-ல் ரிடெல் நிறுவனம் பிளாஸ்டிக் ஹெல்மெட்டைக் கொண்டுவந்தது. 1943-ல் தேசியக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்., ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பு வெறுந்தலையோடு ஆடியவர்களும் உண்டு. ஸ்டீலர்ஸின் ஹெல்மெட்டில் ஒரு தனி அடையாளம்: அணியின் சின்னம் வலப்பக்கம் மட்டுமே இருக்கும். 1962-ல் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று ஒரு பக்கம் மட்டும் ஒட்டினார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

இன்றைய ஹெல்மெட் ஏறக்குறைய இரண்டு கிலோ இருக்கும். வெளியே கடினமான பிளாஸ்டிக் ஓடு, முகத்துக்கு முன்னால் உலோகக் கம்பிக் கூண்டு, தாடையோடு இறுக்கும் வார், உள்ளே மெத்தைகள். மோதலின் விசையை ஓரிடத்தில் விழவிடாமல் பரப்புவது ஓட்டின் வேலை. மெத்தைகளின் வேலை நேரத்தை வாங்கித் தருவது. தலை சட்டென்று நிற்பதற்குப் பதில், நொடியின் மிகச் சிறிய பங்கு அளவுக்கேனும் தாமதித்து நின்றால், அதன் மீது விழும் விசை குறைகிறது. ஆகவே மெத்தைக்குள் எவ்வளவு தூரம் அமுங்க இடம் இருக்கிறது என்பதே பொறியாளரின் முதல் கேள்வி. ஆண்டுக்கு ஆண்டு இந்த ஹெல்மெட்கள் பருத்துக்கொண்டே போவதற்குக் காரணம் அதுதான்.

நம் ஊர் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் இதன் சிக்கல் விளங்கும். அதற்குள் இருக்கும் தெர்மோகோல் போன்ற பொருள் ஒரே ஒரு விபத்துக்கானது. நசுங்கித் தன்னை அழித்துக்கொண்டு தலையைக் காக்கும்; பிறகு அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். கால்பந்து ஹெல்மெட்டோ ஒரே சீசனில் நூற்றுக்கணக்கான முறை அடி வாங்கி, ஒவ்வொரு முறையும் மீண்டும் பழைய வடிவத்துக்கு வர வேண்டும். பெரிய அடியை ஏற்கும் அளவுக்குக் கெட்டியாகவும், சிறிய அடிக்கு இளகும் அளவுக்கு மென்மையாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நுரைப்பொருளில் பெறுவது கடினம். அதனால்தான் புதிய வடிவங்கள் வந்தன. ரிடெல் நிறுவனம் 2014-ல் முன்நெற்றிப் பகுதியில் வளைந்துகொடுக்கும் பலகம் வைத்த ஹெல்மெட்டை வெளியிட்டது. சியாட்டிலில் ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரும் இயந்திரப் பொறியாளரும் சேர்ந்து தொடங்கிய விசிஸ் நிறுவனம், வெளி ஓட்டையே நெகிழவிட்டு, அதன் கீழ் வளைந்து நிமிரும் சிறு தூண்களை நட்டது. இப்போது வீரரின் தலையை முப்பரிமாணத்தில் அளந்து, அதற்கேற்ப உள்மெத்தையை அச்சிட்டும் தருகிறார்கள். முன்வரிசையில் நிற்கும் லைன்மேனுக்கு நெற்றியில் அடி அதிகம். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் பின்னால் சாய்ந்து விழும்போது பின்மண்டையில் அடி. அதனால் ஆடும் இடத்தைப் பொறுத்துத் தனித்தனி ஹெல்மெட்களும் வந்துவிட்டன.

இத்தனை இருந்தும் ஹெல்மெட்டால் முடியாத ஒன்று இருக்கிறது. மண்டையோடு உடையாமல் அது காக்கும். அதில் அது பெரும் வெற்றி கண்டிருக்கிறது. மூளை அப்படியல்ல. அது மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கிறது. தலை வெடுக்கென்று திரும்பும்போது ஓடு திரும்பிவிடுகிறது. மூளை சற்றுப் பின்தங்கி, அதன் இழைகள் முறுக்கி இழுபடுகின்றன. மூளையதிர்வுக்கு நேரான அடியைவிட இந்தச் சுழற்சியே முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வெளியே எவ்வளவு மெத்தை வைத்தாலும் உள்ளே நடக்கும் இந்த முறுக்கலை முழுமையாகத் தடுக்க முடியாது.

இதை உலகுக்கு உணர்த்தியதும் ஒரு ஸ்டீலர்ஸ் வீரரின் மரணம்தான். மைக் வெப்ஸ்டர் 1974 முதல் 1988 வரை அந்த அணியின் சென்டர். சூப்பர் பவுல் என்னும் இறுதிப் போட்டியில் அணி பெற்ற நான்கு வெற்றிகளில் பங்கு கொண்டவர். நினைவு குழம்பி, வாழ்க்கை சிதைந்து, 2002-ல் 50 வயதில் இறந்தார். பிட்ஸ்பர்கில் பிணக்கூறாய்வு மருத்துவராக இருந்த நைஜீரியர் பென்னட் ஒமாலு அவருடைய மூளையை ஆராய்ந்தார். வெளித்தோற்றத்தில் சாதாரணமாக இருந்த மூளைக்குள் டாவ் என்னும் புரதம் கெட்டித்துப் படிந்திருந்தது. 2005-ல் அவர் வெளியிட்ட கட்டுரையை லீக் முதலில் எதிர்த்தது. சி.டி.இ. எனப்படும் அந்த நாள்பட்ட மூளைச் சிதைவு, ஒரு பெரிய அடியால் மட்டும் வருவதல்ல. மயக்கம்கூட வராத சிறு அடிகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தும் வருகிறது. சென்டர் என்பவர் ஆட்டத்தின் ஒவ்வொரு நகர்வும் தொடங்கும்போது எதிராளியோடு மோதுகிறவர். ஆட்ட நாளில் மட்டுமல்ல, பயிற்சியிலும்.

அதற்குப் பிறகுதான் சோதனைகள் கடுமையாயின. பொய்த்தலை ஒன்றில் ஹெல்மெட்டை மாட்டி, நொடிக்கு 9 மீட்டருக்கு மேற்பட்ட வேகம்வரை உலோகத் தண்டால் இடித்து, நேர்விசையோடு சுழற்சியையும் அளக்கிறார்கள். லீக்கும் வீரர் சங்கமும் சேர்ந்து ஆண்டுதோறும் தரவரிசையை வெளியிடுகின்றன. தேறாத ஹெல்மெட்களுக்கு 2018 முதல் தடை. இதில் பெரிய தகராறும் நடந்தது. ஸ்டீலர்ஸிலிருந்து ஓக்லண்ட் அணிக்குப் போன ஆண்டோனியோ பிரவுன், தன் பழைய ஹெல்மெட்தான் வேண்டும் என்று 2019 முகாமின்போது முறையிட்டுத் தோற்றார். புகழ்பெற்ற குவார்ட்டர்பேக் டாம் பிரேடி போன்றவர்களும் பழகியதை விட்டுப் புதியதற்கு மாற வேண்டியிருந்தது. இருபது வருடம் பழகிய ஒன்றை விடுவது எளிதல்லதான். ஆனாலும் இதில் லீக் செய்தது சரி.

லட்ரோப் மைதானத்தில் பார்த்த அந்த மெத்தை உறையின் பெயர் கார்டியன் கேப். 2022 முகாமில் லைன்மேன் உள்ளிட்ட சில இடத்தினருக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். முந்தைய மூன்றாண்டுச் சராசரியோடு பார்க்கையில் அவர்களிடையே மூளையதிர்வு பாதிக்கு மேல் குறைந்ததாக லீக் அறிவித்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் மற்ற இடங்களுக்கும் அது விரிந்தது. 2024-ல் போட்டியிலும் விரும்பினால் அணியலாம் என்றார்கள். இண்டியானாபொலிஸ் அணியின் கைலன் கிரான்சன் முதல் வாரத்திலேயே அணிந்து ஆடினார். கல்லூரி வீரர்களின் வாய்க்காப்பில் உணரிகளைப் பொருத்தி அளந்த ஓர் ஆய்வில் அந்த உறை ஆய்வகத்தில் காட்டிய அளவுக்குப் பலன் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2024 சீசனில் என்.எஃப்.எல்.-இல் பதிவான மூளையதிர்வுகள் 182. 2015-ல் கணக்கெடுப்பு தொடங்கியதற்குப் பிறகு அதுவரை பதிவானவற்றில் இதுவே மிகக் குறைவு. ஹெல்மெட், உறை, விதிமாற்றம் எல்லாம் சேர்ந்து வந்த பலன் அது.

ஹெல்மெட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு: வெப்பம். தலையிலிருந்து வெப்பம் வெளியேறும் வழியை அது அடைக்கிறது. 2001-ல் மின்னசோட்டா அணியின் முகாமில் கோரி ஸ்ட்ரிங்கர் என்ற 27 வயது லைன்மேன் வெப்பத்தாக்கால் இறந்தார். அவர் பெயரில் 2010-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இப்போது முகாமின் முதல் நாள்களில் தோள்காப்பு கிடையாது. உடம்பு வெயிலுக்குப் பழகிய பிறகுதான் முழுக் கவசம். பனிக்கட்டி நீர்த் தொட்டி எப்போதும் ஆயத்தமாக இருக்கும்.

என் பார்வையில், எந்தப் புதிய நுரைப்பொருளையும்விடப் பெரிய மாற்றம் பயிற்சி அட்டவணையில் நடந்தது. ஒரே நாளில் இருமுறை முழுக் கவசத்தோடு பயிற்சி செய்யும் பழைய வழக்கத்தை லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான 2011 ஒப்பந்தம் நிறுத்தியது. 2020 ஒப்பந்தத்தின்படி முகாம் முழுவதிலும் முழுக் கவசப் பயிற்சி 16 முறைக்கு மேல் கூடாது. இருவரை எதிரெதிரே நிறுத்தி முட்டவிடும் ‘ஓக்லஹோமா’ பயிற்சிக்கு 2019-ல் தடை வந்தது. இதற்கெல்லாம் வலுவான ஆதாரம் பின்னர் கல்லூரி அணிகளிடமிருந்து கிடைத்தது. ஆறு அணிகளின் வீரர்களை ஐந்தாண்டு கண்காணித்து 2021-ல் வெளிவந்த ஆய்வில், மூளையதிர்வுகளில் 72 சதவீதம் பயிற்சியில் நேர்ந்தது தெரிந்தது. போட்டியில் அல்ல! ஏறக்குறைய பாதி, சீசன் தொடங்குவதற்கு முந்தைய சில வாரங்களிலேயே நேர்ந்திருந்தது. போட்டியை மாற்றினால் ரசிகர் கோபிப்பார். பயிற்சியை மாற்றினால் யாருக்கும் நட்டமில்லை. அவ்வளவு எளிதாகக் காக்கக்கூடிய மூளைகளை இத்தனை காலம் காக்காமல் விட்டது வேதனையானது.

தொழில்முறை வீரருக்குத் தனி மருத்துவரும் சங்கமும் ஒப்பந்தமும் இருக்கின்றன. அமெரிக்காவில் இந்த விளையாட்டை ஆடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள். உயர்நிலைப் பள்ளிகளில் மட்டும் பத்து லட்சம் அளவில் ஆடுகிறார்கள். அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அந்தப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். உங்கள் பிள்ளை அணியில் சேர விரும்பினால் தடுக்க வேண்டாம். ஆனால் ஆகஸ்டுக்கு முன் பயிற்சியாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: தரப்பட்ட ஹெல்மெட் எந்த ஆண்டு செய்தது, கடைசியாக எப்போது பரிசோதித்துச் சான்று பெற்றது, வாரத்தில் எத்தனை நாள் முழு மோதல் பயிற்சி? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வரும்வரை அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.